முட்டி வலிக்கிறது என்றேன்

நாம் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு முழங்காலில்தான் தொடங்குகிறது. கல்யாண மண்டபத்தில் பந்தி மாடியில் என்று தெரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். எந்தத் தைலம் கேட்கிறது, எந்த டாக்டர் கைராசிக்காரர், மூட்டு மாற்றிக்கொண்டவர் இப்போது எப்படி நடக்கிறார் என்று விசாரிக்கிறோம். உங்களுக்கெல்லாம் இது ஐம்பதுக்கு மேல் வந்த தொந்தரவு. எனக்கு ஏழு வயதிலிருந்து கூடவே இருக்கிறது. எனக்குக் கோளாறு முழங்காலில் இல்லை, இடது இடுப்பு மூட்டில்.

நான் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். போலியோ என்று சிலர் நினைத்திருப்பீர்கள். சின்ன வயதில் விழுந்ததாகச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். விழுந்தது என்றுதான் எங்கள் வீட்டிலேயே கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டிருந்தோம். அது நிஜம் இல்லை. போன மாதம் ஒரு சின்ன வயது டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த மூட்டை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் நடந்தீங்க?" என்று கேட்டார். அவரிடம் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். சுண்ணாம்புத் தொட்டியின் நெடியும் தண்ணீரில் ஊறும் ஆவாரம்பட்டையின் துவர்ப்பும் எங்கள் தெருவின் காற்றிலேயே இருந்தன. வெளியூர் விருந்தாளி மூக்கைப் பொத்தும்போதுதான் அப்படி ஒரு வாடை இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் எல்லோரும் பட்டைக் கொட்டகைக்கு ஓடுவோம். பட்டைக் கட்டுகளைச் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் ஏறி, கீழே உதிர்ந்து கிடக்கும் பட்டைத்தூளில் குதிப்போம். தூள் மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தால் தண்ணீர்கூடத் துவர்க்கும்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். என் கணுக்காலுக்கு மேலே ஒரு வேனல் கட்டி வந்து, பழுத்து, உடைந்து, ஆறிக்கொண்டிருந்தது. மஞ்சள் குழைத்துப் பூசியதோடு அம்மா அதை மறந்துவிட்டாள். அன்று சாயங்காலம் கொட்டகையில் குதித்தபோது நான் ஒரு பக்கமாக விழுந்தேன். தூளைத் தட்டிவிட்டு எழுந்து, மறுபடி ஏறிக் குதித்தேன். அந்த விழுந்த கதைதான் பிறகு எல்லோர் வாயிலும் நின்றது. கட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்தக் கட்டியில் இருந்த கிருமி ரத்தத்தோடு போய் இடுப்பு மூட்டுக்குள் குடியேறியிருக்கும் என்று ஒரு டாக்டர் எனக்கு விளக்கிச் சொன்னபோது எனக்குக் கல்யாண வயது தாண்டியிருந்தது.

மறுநாள் காலையில் காய்ச்சல் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். இடது கால் என்னோடு எழவில்லை. எங்கே வலிக்கிறது என்று அம்மா கேட்டாள். முட்டி வலிக்கிறது என்றேன். பொய் இல்லை, எனக்கு வலி அங்கேதான் தெரிந்தது. இடுப்பு மூட்டில் கோளாறு வந்தால் பிள்ளைகளுக்குச் சில சமயம் வலி முட்டியில் தெரியுமாம். அது அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? எல்லோரும் என் முட்டியையே பார்த்தார்கள். அமுக்கினார்கள், நீவினார்கள், அடுத்த முட்டியோடு வைத்து ஒப்பிட்டார்கள். வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை.

கூட விளையாடிய பிள்ளைகள் நான் விழுந்ததைச் சொன்னார்கள். உடனே கட்டு வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். நல்ல மனுஷர். எங்கள் தெருவில் அவர் நேராக்கிவிட்ட கைகால்கள் நிறைய. சுளுக்கு என்றார். முட்டை வெள்ளைக்கருவையும் உளுத்தமாவையும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் சிம்பு வைத்து முட்டியைச் சுற்றிக் கட்டினார். காய்ந்ததும் அது ஓடு மாதிரி இறுகிவிட்டது. உள்ளேயிருந்து முட்டை வாடை வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கும் முட்டையை உடைத்து ஊற்றும்போது முதல் வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

காய்ச்சலுக்குத் தனி வைத்தியம் நடந்தது. காலும் காய்ச்சலும் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைத்தெரு டாக்டர் வெயில் காய்ச்சல் என்று ஊசி போட்டார். ஊசி போட்டால் உடம்பு குளிரும், வீட்டில் எல்லோர் முகமும் தெளியும். கஞ்சி குடிப்பேன். பிறகு மறுபடி கொதிக்கும். சாயங்காலங்களில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் முன்னால் நிற்பாள். தொழுகை முடிந்து வருகிறவர்கள் அங்கே காத்திருக்கும் பிள்ளைகளின் தலையில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் நிற்பார்கள். அந்த மூச்சுக்காற்று நெற்றியில் படும்போது இதமாகத்தான் இருக்கும். ஆனால் போகும்போதும் வரும்போதும் அம்மாவின் ஒவ்வோர் அடிக்கும் நான் பல்லைக் கடித்தேன். காலை மடித்து வெளிப்பக்கமாகச் சாய்த்து ஒரே நிலையில் வைத்திருப்பேன். அதை யாராவது நேராக்க வந்தால் அலறுவேன்.

தெருக்கோடியில் குடியிருந்த எங்கள் டீச்சர் பார்க்க வந்தார். முட்டியில்தான் ஒன்றும் இல்லையே, பரீட்சை வருகிறது, பிள்ளை பயந்து கிடக்கிறது, செல்லம் கொடுக்காதீர்கள் என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் போனார். படித்தவர் சொல்கிறார், அத்தா நம்பினார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். "நின்னு பழகுனாத்தான் சரியாகும்" என்றார். கால் தரையில் பட்டது தெரியும். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது அத்தா சுவரோரம் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாகும்வரை அவர் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அம்மா முட்டிக் கட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்து, அதை வாசலில் எறிந்துவிட்டு வந்து, மதுரைக்குப் போகிறோம் என்றாள்.

பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் என்னைக் கிடத்தினார்கள். உங்களுக்குத் தெரியும், கடைசி சீட்டுக்குத்தான் குலுக்கல் அதிகம். சின்னாளப்பட்டிக்காரப் பெண் ஒருத்தி சுங்குடிச் சேலை மூட்டையோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். கேட்காமலே அந்த மூட்டையை என் தொடைக்கு அடியில் அண்டக் கொடுத்தாள். குலுக்கல் பாதியாகக் குறைந்தது. சின்னாளப்பட்டி வந்ததும் மூட்டையை உருவ மனசு இல்லாமல் நின்றாள். பிறகு அதிலிருந்து ஒரு சேலையை எடுத்துச் சுருட்டி மூட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை. ஆஸ்பத்திரிச் சலவையில் எங்கேயோ போய்விட்டது. அவள் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. சேலை கண்ணிலேயே நிற்கிறது.

மதுரை ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் என் முட்டியைத் தொடவே இல்லை. நான் முட்டி, முட்டி என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் தொடை இடுக்கில் இரண்டு விரலை வைத்தார். நான் கத்திய கத்தலில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அங்கே ஊசி விட்டு இழுத்தார். மருந்து ஏற்றும் ஊசிக்குள் மருந்துக்குப் பதிலாக மஞ்சளாக, கெட்டியாக ஏதோ ஏறியது. அதை அம்மாவின் கண்முன்னால் பிடித்துக் காட்டி, மூட்டுக்குள் சீழ் கட்டியிருக்கிறது, இன்றைக்கே திறந்து கழுவ வேண்டும் என்றார்.

அத்தா தயங்கினார். ஊருக்குப் போய்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறோம் என்றார். அம்மா அதுவரை ஆண்கள் நடுவில் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"ஊரைக் கேட்டுக் கேட்டுத்தான் இம்புட்டு ஆச்சு. நீங்க வெட்டுங்க டாக்டர்" என்றாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது இடது காலைக் கயிறு போட்டுக் கட்டி, கட்டில் நுனியில் ஒரு கப்பி வைத்து, அதில் செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். மூட்டு ஒன்றோடொன்று உரசாமல் இருக்க அந்த எடை. விசிறிக் காற்றில் செங்கல் மெதுவாக ஆடும். கை நிறைய ஊசிக் குத்து. தொடையில் ஒரு குழாய். ஆனாலும் அந்த உயிர் போகிற வலி போய்விட்டது. யாராவது கட்டிலைத் தொட்டால் பயப்பட வேண்டாம் என்று தெரிந்ததும் நான் அழுதேனாம். அம்மா சொல்வாள்.

அடுத்த கட்டிலில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பையன். என்னைவிட ஒரு வயது சின்னவன். அவனுக்கும் அதே நோய், அதே இடம், அவனுக்கு வலது பக்கம். அவன் காலிலும் செங்கல். அவனுடைய அம்மா தக்காளித் தோட்டத்துக்காரி. பேச்சுக்குப் பேச்சு ஒரு 'ங்க' வரும். வந்த முதல் நாளே என் அம்மாவுக்குத் தன் தட்டிலிருந்து பாதிச் சோறு பிரித்துக் கொடுத்தாள். எப்படி இங்கே வந்து சேர்ந்தீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "எங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. பையன் விடிய விடிய அழுதானுங்க. காலைல தக்காளி லோடு மதுரைக்குக் கெளம்புச்சு. அதுலயே தூக்கிப் போட்டுக்கிட்டு வந்துட்டோமுங்க" என்றாள்.

அவ்வளவுதான் வித்தியாசம். அவர்களுக்கு ஒரு லாரி கிடைத்தது. எங்களுக்கு ஒரு நல்ல கட்டு வைத்தியரும் ஒரு டாக்டரும் ஒரு டீச்சரும் கிடைத்தார்கள்.

சில வாரத்தில் அவன் செங்கல்லை அவிழ்த்தார்கள். பிடித்து நடந்தான், பிறகு பிடிக்காமல் நடந்தான். ஒருநாள் என் கட்டில் மேல் இருந்த திராட்சையைப் பிடுங்கிக்கொண்டு வார்டின் அந்தக் கோடி வரைக்கும் ஓடினான். நர்ஸ் அவனைத் திட்டினார். என் அம்மா திட்டவில்லை. அவன் ஓடுகிற காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கோ செங்கல்லை எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள்.

அன்று டாக்டர் சுற்றி வந்தபோது அம்மா அவரை நிறுத்தினாள். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நோய் என்கிறீர்களே, அவன் ஓடுகிறான், இவள் ஏன் இப்படிக் கிடக்கிறாள் என்று கேட்டாள். அவர் மழுப்பவில்லை. இப்போது நினைத்தால் அதற்காகவே அவரை மதிக்கிறேன். எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் ஒரு கிண்ணம் வரைந்தார். அதற்குள் ஓர் உருண்டை வரைந்தார். பிறகு உருண்டையில் பாதியைப் பேனாவால் அடித்தார்.

"அந்தப் பையனை மறுநாளே கொண்டுவந்துட்டாங்கம்மா. உங்க பிள்ளைக்குச் சீழ் ஒரு வாரத்துக்கு மேல உள்ளேயே கெடந்திருக்கு. அது எலும்பைக் கரைச்சிருச்சு. உயிருக்குப் பயமில்ல. ஆனா கால் வளர்த்தி குறையும். நடை சாயும். சம்மணம் போட்டு உட்கார முடியாது."

அம்மா வராந்தாவுக்குப் போனாள். ஒட்டன்சத்திரத்து அம்மா பின்னாலேயே எழுந்து போனாள். இரண்டு பேரும் செத்த நேரம் அங்கே நின்றார்கள். திரும்பி வந்தபோது அம்மா முகம் கழுவியிருந்தாள். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தார். அங்கே போய் நின்று, "இனிமே என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

அந்தக் கோடை முழுக்க வீட்டில் மாவுக்கட்டோடு கிடந்தேன். இரண்டு காலுக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்துப் பூசியிருந்தார்கள். கதவுக்குள் என்னை நேராகக் கொண்டுபோக முடியாது, சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும். அத்தா வேலை விட்டு வந்ததும் அந்தக் கட்டையைப் பிடித்துத் தூக்கி வாசலில் கொண்டுபோய்ப் போடுவார். மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வெள்ளையாக மாறிப் பிறகு மஞ்சளாகி அணைவது தெரியும். கட்டுக்குள் வியர்வை ஊறி அரிக்கும். எறும்பு புகுந்துவிட்டால் அவ்வளவுதான். அக்கா பின்னல் ஊசியில் துணி சுற்றி உள்ளே விட்டுச் சொறிந்துவிடுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். பொம்பளைப் பிள்ளை, யார் கட்டுவார் என்று என் தலைக்கு மேலேயே பேசினார்கள். சீழ் என்று வெளியே சொல்லாதே, ரத்தத்திலேயே நோய் என்பார்கள், விழுந்தது என்றே சொல் என்று அம்மாவுக்குப் புத்தி சொன்னார்கள். அம்மாவும் அப்போது சரி என்று தலையாட்டினாள்.

மாவுக்கட்டை வெட்டி எடுத்த அன்று உள்ளே இருந்த காலைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. முருங்கைக்காய் மாதிரி இருந்தது. தோல் பட்டை பட்டையாக உரிந்தது. மூட்டு துருப்பிடித்த கீல் மாதிரி அசைய மறுத்தது. டாக்டர் சொல்லி அனுப்பியபடி அம்மா ஒவ்வொரு மத்தியானமும் என்னைக் கட்டிலில் குப்புறப் போட்டு, பிறகு மல்லாத்தி, காலை மடக்கி நீட்டி, பக்கவாட்டில் விலக்கி எடுப்பாள். அழுவேன், திட்டுவேன், ஒரு தடவை அவள் கையைக் கடித்தும் வைத்தேன். கை எடுக்க மாட்டாள். என் முகத்தைப் பார்க்கவும் மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, பாவம் விடேன் என்பாள். அம்மா காலை இன்னொரு தடவை மடக்குவாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். என் இடுப்பு இன்றைக்கும் பாதிக்கு மேல் மடங்குகிறது என்றால் அந்த மத்தியானங்கள்தான் காரணம் என்று போன மாதம் அந்தச் சின்ன டாக்டரும் ஒத்துக்கொண்டார்.

அத்தாவுக்குப் பேச வராது. அவர் செய்தார். இடது கால் செருப்புக்கு அடியில் ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்துக் கொடுத்தார். கால் குட்டையாகக் குட்டையாக வருஷா வருஷம் அதன் மேல் இன்னொரு பட்டை ஏறும். இன்னொன்றும் செய்தார். குந்தி உட்கார முடியாத பெண்பிள்ளைக்குக் கக்கூஸ் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று நம் வயதில் உங்களுக்கு விளக்க வேண்டாம். ஒரு ஸ்டூலின் நடுவே வட்டமாக அறுத்து, ஓரத்தில் தோல் சுற்றி, யாரிடமும் சொல்லாமல் கொல்லையில் கொண்டுவந்து வைத்தார். பள்ளிக்கூடத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகினேன்.

டீச்சர் என்னை வாசலோரப் பெஞ்சில் உட்கார வைத்தார். காலைப் பிரார்த்தனைக்கு வர வேண்டாம், கரும்பலகைக்கு வர வேண்டாம், பாவம் உட்கார்ந்துகொள் என்றார். அவர் செய்த முதல் தப்பைவிட இது எனக்கு அதிகமாக வலித்தது. பிரார்த்தனைக்குப் போனேன். கரும்பலகைக்கும் போனேன். ஆனால் எப்படிப் போனேன் தெரியுமா? எல்லோரும் எழுந்து கலைகிற நேரம் பார்த்து, சுவரை ஒட்டி, யார் கண்ணிலும் என் நடை படாதபடி போவேன். பட்டை வைத்த செருப்பு இருந்தால் சாய்வு பாதி மறையும். அதனால் செருப்பைக் கழற்றாத இடமாகப் பார்த்துத்தான் போவேன். அந்த ஒரு வருஷத்தில் வீட்டுக்கு வெளியே செருப்பு இல்லாமல் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

அடுத்த வெயில் காலம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் அத்தாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு மூன்று வயதில் ஒரு மகன். அவனுக்குக் காய்ச்சல், தொட்டிலிலிருந்து விழுந்துவிட்டான், நடக்க மாட்டேன் என்கிறான் என்று குழாயடியில் பேச்சு வந்தது. அம்மா குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வா என்றாள்.

நாங்கள் போனபோது அந்த வீட்டு முற்றத்தில் ஒரு கிண்ணத்தில் முட்டை உடைத்து வைத்திருந்தார்கள். கட்டு வைத்தியர் மூங்கில் சிம்பைச் சீவிக்கொண்டிருந்தார். பிள்ளை அவன் அம்மாவின் மடியில் கிடந்து அழுதான். அம்மா நேராக மாமாவிடம் போனாள். கட்டுப் போட வேண்டாம், இப்போதே மதுரைக்குக் கொண்டு போங்கள் என்றாள். மாமா எரிச்சலாகத்தான் பேசினார். விழுந்ததை நாங்கள் பார்த்தோம், உங்கள் பிள்ளைக்கு வந்தால் ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் அதுவே வருமா என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"செருப்பைக் கழட்டு" என்றாள். "நட."

முற்றத்தில் அந்த வீட்டு ஆட்கள், பக்கத்து வீட்டுப் பெண்கள், என்னோடு படிக்கிற இரண்டு பெண்பிள்ளைகள். நான் அம்மாவையே பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றினேன். வாசலிலிருந்து எதிர்ச் சுவர் வரைக்கும் நடந்தேன். இடது காலை வைக்கும்போதெல்லாம் உடம்பு அந்தப் பக்கம் இறங்கி ஏறியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இதுவும் விழுந்ததுன்னுதான் சொன்னோம், தம்பி. ஊருக்குச் சொன்னது பொய். உள்ள சீழ் புடிச்சுச்சு. வச்சுக்கிட்டே இருந்தோம்" என்றாள் அம்மா. அவள் அதை வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புள்ளைய இப்படி நடக்க வச்சுப் பாக்கணுமாக்கா? கூட்டிட்டுப் போங்க" என்றார். அம்மா குனிந்து என் செருப்பை எடுத்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது எனக்கு. என்னைக் காட்சிப் பொருளாக்கிவிட்டாள், இனி இவளோடு பேசவே கூடாது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அழுகையில் வலது காலை உதைத்துக்கொண்டிருந்தான். இடது கால் உதைக்கவில்லை. மடிந்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்து, அசையாமல் கிடந்தது. அந்தக் கால் எப்படி இருக்கும் என்று அந்த முற்றத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா நீட்டிய செருப்பை வாங்கவில்லை. யாரும் சொல்லாமலே மறுபடி நடந்தேன். இந்தத் தடவை சுவரைப் பார்த்து நடக்கவில்லை, மாமாவைப் பார்த்து நடந்தேன். மெதுவாக நடந்தேன். அவர் முகத்தைத் திருப்பிய பக்கமாகவே போய் முன்னால் நின்றேன்.

"மாமா, எனக்கும் முட்டிதான் வலிச்சுச்சு. ஆனா நோவு இங்க இருந்துச்சு" என்று என் தொடை இடுக்கில் கை வைத்துக் காட்டினேன். "தம்பிக்கு இங்க தொட்டுப் பாருங்க."

அவர் அசையவில்லை. பிள்ளையின் அம்மாதான் தொட்டாள். இரண்டு விரலை வைத்தாள், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கட்டு வைத்தியர் கையிலிருந்த சிம்பைக் கீழே வைத்துவிட்டு, "கொண்டு போங்கப்பா" என்றார். பிள்ளையின் அம்மா அதற்கு முன்பே எழுந்துவிட்டாள். மகனை மார்போடு அணைத்து, செருப்புகூடப் போடாமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தாள். மாமா சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

அம்மாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். செருப்பு அம்மா கையிலேயே இருந்தது. தெருவில் வெறுங்காலோடு சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தேன். வாசல்களில் பெண்கள் நின்றிருந்தார்கள். சுவரை ஒட்டி நடக்கத் தோன்றவில்லை. மறுநாள் கரும்பலகைக்கு டீச்சர் யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்தபோது நானே எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே போனேன். அன்றிலிருந்து இன்றுவரை என் நடையை யாருக்கும் மறைத்ததில்லை. பேருந்தேறி வேலைக்குப் போனது, இரண்டு பிள்ளை பெற்றது, இந்த மூட்டையே வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியது எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்தப் பிள்ளைக்கும் திறந்துதான் கழுவினார்கள். அவனுக்கும் செங்கல், அவனுக்கும் மாவுக்கட்டு. மழை தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் அவனுடைய அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அம்மா அப்போதுதான் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தாள். சிமெண்டுத் தரையில் ஈரம் இன்னும் இருந்தது. வந்தவள் மகனை வாசற்படிக்கு உள்ளே இறக்கிவிட்டாள். அவன் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு சேலையை விட்டான். தயங்கி ஒரு அடி வைத்தான், அப்புறம் குடுகுடுவென்று கூடத்தைக் கடந்து அடுப்படிக்குள் போய்விட்டான்.

நாங்கள் மூன்று பேரும் அவன் போன திசையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தோம். ஈரத்தில் இரண்டு வரிசையாகக் குட்டிக் குட்டிப் பாதம். இடதும் வலதும் ஒரே மாதிரி, குதிகாலும் விரலும் முழுசாகப் பதிந்திருந்தது.

அது காய்ந்து மறைகிறவரை அம்மா யாரையும் அந்தப் பக்கம் நடக்க விடவில்லை.